மெட்ராஸுக்குச் சும்மா போய் வந்தவர்

என் கணவர் வேலையில் அவ்வளவு கெட்டிக்காரராக இல்லாமல் இருந்திருந்தால் அந்த அக்டோபர் மாதம் எனக்கு நிம்மதியாகப் போயிருக்கும். ஓசூரில் அவருடைய கம்பெனி பெரிய மெஷின்களைச் செய்து பம்பாய்ப் பக்கம் அனுப்பும். அங்கே ஏதாவது மக்கர் பண்ணினால் இவர் பெங்களூருக்குப் போய் விமானம் ஏறுவார். தனியார் விமானங்கள் வந்த புதிது அது. பறக்கப் பறக்கப் பாயிண்ட், சேர்த்து வைத்தால் இலவச டிக்கெட், அதில் மனைவியும் போகலாம் என்று சொல்லி ஓர் அட்டை கொடுத்தார்கள். கம்பெனி செலவில் பறந்துவிட்டுப் பாயிண்டை நாம் வைத்துக்கொள்ளலாம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊர் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை. என் தங்கை டெல்லியில் இருந்தாள். பட்டாளத்துக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். பாஷை தெரியாத ஊரில், கைக்குழந்தையோடு, எங்கள் வீட்டு மனிதர் ஒருவர்கூட எட்டிப் பார்க்காமல் வருஷக்கணக்காகக் கிடந்தாள். நானும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். தீபாவளியை ஒட்டி எனக்குக் கிடைக்கிற லீவில் முக்கால்வாசி ரயிலிலேயே கழிந்துவிடும். போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்ப வேண்டியதுதான். விமானம் என்றால் அத்தனை நாளும் அவளோடு இருக்கலாம். எனக்கு அந்த நாட்கள் வேண்டும்.

போக வர டிக்கெட்டுக்கு ஒரே ஒரு பயணம் குறைந்தது. மாதக் கடைசிக்குள் டிக்கெட்டாக மாற்றாவிட்டால் பழைய பாயிண்ட் எல்லாம் காலாவதி. பம்பாயிலிருந்து எப்போது ஃபோன் வரும் என்று காத்திருந்தோம். வரவே இல்லை.

"போன தடவ நான் பாத்துட்டு வந்த மெஷினு. இனி யாரும் அதுல கை வெக்கத் தேவையில்ல" என்றார் பெருமையாக.

"கொஞ்சம் சுமாராப் பாத்திருக்கக் கூடாதா?" என்றேன் எரிச்சலோடு.

"அப்பிடிப் பாக்க எனக்கு வராது."

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, எந்தப் பழுதும் வரக்கூடாது என்று எல்லோரும் கும்பிட்டார்கள். நான் ஒருத்தி மட்டும் பம்பாயில் ஒரே ஒரு மெஷின், யாருக்கும் அடிபடாமல், நின்று போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமியே திருதிருவென்று விழித்திருக்கும். பொரி கடலையைக் கொறித்துக்கொண்டே இதை வீட்டில் சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம்! தன் பிள்ளைக்குச் சாபம் விட்டதுபோல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மெஷினும் நிற்கவில்லை.

கோபம் தணிந்த பிறகு அவரே வந்து, "நம்ம காசுலயே ஒரு தடவ பறந்துட்டா என்ன?" என்று கேட்டார். இருப்பதிலேயே கிட்டத்து ஊர் மெட்ராஸ்தான். என் தீபாவளிப் பட்டுப்புடவைக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் புடவையையும் எடுத்ததில்லை.

காலையில் கையில் அன்றைய பேப்பரோடு மட்டும் விமானம் ஏறினார். மெட்ராஸில் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு, ஓசூர் பஸ்ஸைப் பிடித்தார். வருகிற வழியில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கியவர் என் அப்பாவின் கண்ணில் பட்டுவிட்டார். அப்பாவுக்கு ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டம். ஏதோ வேலையாகக் கிருஷ்ணகிரி வந்திருக்கிறார்.

"எங்கிருந்துங்க மாப்ள?"

"மெட்ராஸ்லருந்து மாமா."

"என்ன சோலிங்க?"

"சோலி ஒண்ணுமில்ல. சும்மா போயிட்டு வரேன்."

அதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. வேலை நாளில், ஒரு பைகூட இல்லாமல், சும்மா மெட்ராஸ் போய் வருகிற மாப்பிள்ளையைப் பார்த்து அப்பாவுக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லையாம். மறுநாள் விடிந்ததும் ஒரு கூடை தக்காளியோடு எங்கள் வாசலில் நின்றார்.

"கண்ணு, மாப்ளைக்கி வேல போயிடுச்சா? எங்கிட்ட மறைக்காத. வேற வேல தேடித்தான மெட்ராஸ் போனாரு?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து, பாயிண்ட் கதையை முதலிலிருந்து சொன்னேன். விமானத்தில் போய் பஸ்ஸில் வந்த ஆளை அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். சின்னவளைப் பார்க்கத்தான் இத்தனையும் என்றதும் அப்பா கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எல்லாத்தயும் கேட்டுட்டு வா. நல்லாருக்காளான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். அன்றைக்குத்தான் அவரும் உள்ளுக்குள் எவ்வளவு ஏங்கியிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

டிக்கெட் கிடைத்தது. தீபாவளி முடிந்த மறுநாள் பறந்தேன். பயத்தில் பாதி வழி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், மீதி வழி ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. அன்று மத்தியானமே தங்கை வீட்டு அடுப்பில் நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். ரயிலில் வந்திருந்தால் அந்நேரம் ஆந்திராவைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை நிலைப்படியிலேயே நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் வரவில்லை.

"அக்கா, நாளைக்கி இருப்பியா?"

"இருப்பேன்."

"நாளான்னிக்கி?"

"இருப்பேன்டி."

"அதுக்கு அடுத்த நாளு?"

"அன்னிக்கி சாயங்காலம்தான் ப்ளேனு."

"அப்ப மத்தியானச் சாப்பாடு இங்கதான்!" என்று குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்டினாள்.