வெள்ளைப் பூ பெட்ரோல், சிவப்புப் பூ டீசல்

சின்னண்ணன் எதையும் ஒரே தடவையில் முடிவு செய்து நான் பார்த்ததில்லை. டீயா காப்பியா என்று கடைக்காரர் கேட்டால்கூட, "நீங்க என்னங்க குடிக்கறீங்க டோனி?" என்று என் பக்கம் திரும்புவார். நான் டீ என்றால் அவருக்கும் டீ. முப்பது வருஷமாக அவருடைய ஜீப்பை நான்தான் பார்க்கிறேன். என் பட்டறை சேலம் சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்புக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் மெக்கானிக்கே இல்லையா, இவ்வளவு தூரம் ஏன் வருகிறீர்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் தடவை என்னிடம் வந்துவிட்டாராம். அப்புறம் ஆளை மாற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் முப்பது வருஷம் ஓடிவிட்டது.

ஜீப் அவருடைய அப்பா ஏலத்தில் எடுத்தது. பெட்ரோல் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். அவருடைய தோட்டம் நாமகிரிப்பேட்டையைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. மஞ்சள், குச்சிக்கிழங்கு, கொஞ்சம் பாக்கு. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் காட்டுத்தடம். நடுவில் இரண்டு ஓடை, ஒரு வழுக்குப்பாறை மேடு. ஆட்டோக்காரர்கள் முதல் ஓடையிலேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆம்புலன்சும் அந்த ஓடை வரைக்கும்தான். அதைத் தாண்டி நாலு சக்கரத்தில் போகிற ஒரே வண்டி, டிராக்டரை விட்டால், அந்த ஜீப்தான்.

போன வருஷம் ஆடி மழையில் அவருடைய மனைவி பாப்பாயி அக்கா வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். வாரம் இரண்டு நாள், ஆறு மாதத்துக்கு, ராசிபுரத்தில் பிசியோதெரபிக்குப் போக வேண்டும், விட்டால் கால் மடங்கினது மடங்கினபடி நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். அவர்களுடைய ஒரே மகன் ஜெகதீஸ்வரன் சேலத்தில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கிக் குடியிருக்கிறான். அவன் அன்றைக்கே, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள் என்றான். நல்ல பையன்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

"அங்க வந்து நான் என்னத்தப் பாக்கறது சாமி? செவுத்தையா?" என்றார் பாப்பாயி அக்கா. அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல வெளியே தங்கினதில்லை. கடைசியில் அம்மாவும் மகனும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ஜீப்பில் ஒழுங்காக ராசிபுரம் போய்வருகிற வரைக்கும் தோட்டத்திலேயே இருக்கலாம். போக்குவரத்து நின்று கால் கெட்டுப்போனால், மறுபேச்சு இல்லாமல் சேலம்.

ஒரு மாதம் ஒரு குறையும் இல்லாமல் போய்வந்தார்கள். அந்தப் பழைய இன்ஜின் புகைவிடும், ஆயில் குடிக்கும், ஆனால் ஓடுகிற சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. அப்புறம் ஒரு நாள் சின்னண்ணன் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டிவிட்டார். இன்ஜின் பிளாக்கில் விரல் நீளத்துக்கு விரிசல். டிராக்டரில் கட்டி இழுத்து என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். நான் பார்த்தேன். இதில் வெல்டிங் நிற்காது, வேறு இன்ஜின்தான் என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வண்டி போனதைவிட, இனி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே என்கிற பயம்தான் அதில் அதிகம் தெரிந்தது.

இரண்டு இன்ஜின் கிடைத்தன. ஒன்று, உடைப்புக்கு வந்த ஒரு வேனின் பெட்ரோல் இன்ஜின். அதை நானே பழைய வண்டிக் களத்தில் பார்த்துப் பட்டறைக்கு எடுத்துவந்து வைத்திருந்தேன். இன்னொன்று பழைய டெம்போவின் டீசல் இன்ஜின். அதைக் கண்டுபிடித்தவன் பக்கத்துத் தோட்டத்துக் காத்தான். காத்தான் இருபது வருஷம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ராஜஸ்தான் வரைக்கும் போய் போர்க்கிணறு போட்டவன். எந்த மிஷினைப் பார்த்தாலும் அவன் கேட்பது ஒன்றுதான், இழுவை எப்படி. விட்டால் மாப்பிள்ளை பார்க்கப் போகிற இடத்திலும் இழுவை எப்படி என்றுதான் கேட்பான். டீசல்தான் இழுக்கும், வழுக்குப்பாறையில் பெட்ரோல் மூச்சு வாங்கும் என்று சின்னண்ணனின் காதைக் குடைந்துகொண்டே இருந்தான்.

நான் பெட்ரோல் என்றேன். டீசல் அதிரும், வண்டியின் அடிச்சட்டம், அந்தப் பழைய சேஸ், தாங்காது, ஒரு வருஷத்தில் விரிசல் விடும் என்றேன். இதை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நிம்மதி கிடையாது. சேஸ் தாங்காது என்றுதான் சொன்னேன். அக்காவின் இடுப்பு தாங்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. காத்தானுக்கும் தோன்றவில்லை, சின்னண்ணனுக்கும் தோன்றவில்லை. வண்டி எதற்காக என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் மேட்டையும் பாறையையும் பற்றிப் பேசினோமே ஒழிய, அதில் உட்கார்ந்து போகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சின்னண்ணன் மூன்று வாரம் யோசித்தார். காலையில் போன் செய்து பெட்ரோல் என்பார். சாயங்காலம் காத்தானைப் பார்த்துவிட்டு டீசல் என்பார். இதற்குள் ஆறு தடவை பிசியோதெரபி தவறிப்போய்விட்டது. ஜெகதீஸ்வரன் தினமும் போனில் கேட்க ஆரம்பித்தான். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சின்னண்ணன் என்னைத் தோட்டத்துக்கு வரச் சொன்னார். குலசாமி கருப்பணாரிடம் பூப் போட்டுக் கேட்கப் போகிறாராம்.

அந்தப் பக்கத்தில் இது வழக்கம். கல்யாணம், கிணறு, நில விவகாரம் எதுவானாலும் மனம் ஒரு பக்கம் நிற்காதபோது, ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் கட்டி, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். இவர்களுடைய கருப்பணார் பாக்குத் தோப்பின் ஓரத்தில் வெறும் கல்லாக நிற்கிறார். பூசாரி வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியே கட்டினார். வெள்ளை என்றால் பெட்ரோல், சிவப்பு என்றால் டீசல். அன்றைக்குப் பள்ளிக்கூட நாள், குழந்தைகள் யாரும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்த பாப்பாயி அக்காவையே எடுக்கச் சொன்னார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கும்பிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

ஒரு இன்ஜினைப் பற்றிப் பூவுக்கு என்ன தெரியும் என்று நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் நான் வேதக்காரன், கிறிஸ்தவன். கழுத்தில் மாதா சுரூபம் தொங்குகிறது. அவர்கள் சாமி முன்னால் நின்றுகொண்டு நான் அப்படிப் பேசினால் அது இன்ஜினைப் பற்றின பேச்சாக இருக்காது. வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் டீசலை ஏற்றினேன்.

வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது பானெட், கண்ணாடி, ஸ்டியரிங் எல்லாம் உதறின. பெஞ்சில் இருந்த டீ டம்ளர் நகர்ந்து போய்க் கீழே விழுந்தது. காத்தான் சிரித்தான். மூன்று மூட்டை மஞ்சளை வைத்துக்கொண்டு வழுக்குப்பாறையில் இரண்டாவது கியரில் ஏறினோம். வண்டி ஒரு இடத்திலும் தயங்கவில்லை. சின்னண்ணன் தான் எடுத்த முடிவு சரிதானா என்று என்னைக் கேட்காத ஒரே நாள் அதுதான். "சாமி சொன்னாச் சும்மாவாங்க டோனி?" என்றார். எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

அதன்பிறகு அக்கா ஒழுங்காகப் போய்வருகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து சின்னண்ணன் போன் செய்தார். வண்டிக்கு ஒன்றுமில்லை, இவளுக்குத்தான் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்றார். ஒரு நாள் தலைவலி என்கிறாளாம், ஒரு நாள் அமாவாசை என்கிறாளாம், ஒரு நாள் கால் தேவலையாகிவிட்டது என்கிறாளாம். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

கிளட்ச் சரிபார்க்க ஒரு வியாழக்கிழமை போனேன். அன்றைக்கு ராசிபுரம் போகிற நாள். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். முன்சீட்டில் அக்கா. ஓடை தாண்டுவதற்குள் பார்த்துவிட்டேன். இடது கையால் வண்டியின் பக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். ரோட்டுக்கு வந்தபிறகும், குழி மேடு ஒன்றும் இல்லாத இடத்திலும், அந்த முந்தானை வாயிலேயே இருந்தது. ராசிபுரத்தில் சின்னண்ணன் டோக்கன் வாங்க உள்ளே போனதும் கேட்டேன்.

"அக்கா, வலிக்குதுங்களா?"

"வண்டி நின்னா வலியும் நின்னுக்குது சாமி. இன்ஜினு உதறுது பாருங்க, அது அப்பிடியே இடுப்புக் கம்பிக்குள்ளாற ஏறுது."

"அண்ணன்கிட்டச் சொல்லலீங்களா?"

"எப்பிடிச் சொல்றது? பொட்டலத்த எடுத்தது என்ற கை. சாமி குடுத்ததக் கொற சொன்னா ஆருக்கு ஆவும்? அவியகிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி."

நான் சொல்லவில்லை. தெரிந்த வேலையெல்லாம் செய்து பார்த்தேன். இன்ஜினுக்கு அடியில் ரப்பரை மாற்றினேன். சொகுசு வேனின் சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து முன்னால் வைத்தேன். அதன்மேல் நாலு விரல் பருமனில் பஞ்சு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் இதற்காகவே ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். கொஞ்சம் குறைந்தது என்று அக்கா சொன்னார். ஆனால் அவர் போகிற நாட்கள் கூடவில்லை. மூன்று வாரம் பொறுத்துவிட்டு, மனசு கேட்காமல் சின்னண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

மறுநாளே பட்டறைக்கு வந்தார். ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெட்ரோல் இன்ஜின் இருக்கிறதா என்றார். அதை அப்போதே மோகனூர்க்காரர் ஒருவர் தன் வேனுக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேறு ஒன்று தேடினால் பத்து நாளில் கிடைக்கும் என்றேன்.

"சாமி குடுத்ததக் கழட்டி ஓரமாப் போடறதுங்களா? இன்னொருக்காப் பூப் போட்டுக் கேக்கலாமான்னு பூசாரியக் கேட்டனுங்க. ஒருக்காக் கேட்டத மறுக்காக் கேக்கப்படாதுன்னுட்டாரு." டயரிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க டோனி. நான் என்ன பண்ணட்டும்?"

டீயா காப்பியா என்று கேட்கிற அதே மனுஷன். நான் டீ என்றால் டீ. கழற்றுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கழற்றியிருப்பார், பாரத்தை என்மேல் போட்டுவிட்டு நிம்மதியாகக் கழற்றியிருப்பார். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார் என்று இப்போது புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு என் கழுத்துச் சுரூபம்தான் நினைவுக்கு வந்தது. நாளைக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு தலைவலி வந்தால்கூட, வேதக்காரன் பேச்சைக் கேட்டுச் சாமி வாக்கை மீறினான் என்று ஊர் சொல்லும் என்று பயந்தேன்.

"உங்க இஷ்டம்ணா" என்றேன்.

என் வாயிலிருந்து வந்ததிலேயே மோசமான வார்த்தை அதுதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார்.

மார்கழியில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். முட்டி மடங்கியபடி நின்றுவிட்டது. ஜெகதீஸ்வரன் காரை முதல் ஓடையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். சத்தம் போடவில்லை. பொங்கல் கழிந்ததும் போகலாம் அம்மா என்று மட்டும் சொன்னான். பேசின பேச்சு அக்காவுக்கும் ஞாபகம் இருந்தது. சரி சாமி என்றார்.

போகிற நாளில் நானும் போனேன். கட்டில், பீரோ, கிரைண்டர், பாத்திர மூட்டை, இரண்டு மூட்டை மஞ்சள் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றினோம். அக்காவை முன்சீட்டில் உட்கார வைக்கலாம் என்று ஜெகதீஸ்வரன் சொன்னபோது, சின்னண்ணன் வேண்டாம் என்றார். யாரையும் கேட்காமல் அவராகச் சொன்ன முடிவு. கயிற்றுக் கட்டிலில் ஜமக்காளம் விரித்து அக்காவைப் படுக்க வைத்தோம். காத்தான், ஜெகதீஸ்வரன், தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், நான், நாலு பேரும் ஆளுக்கு ஒரு கட்டில் காலைப் பிடித்துத் தூக்கினோம். பாக்குத் தோப்பைத் தாண்டும்போது அக்கா கருப்பணார் இருக்கிற பக்கமாகக் கையெடுத்துக் கும்பிட்டார். காத்தான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இரண்டாவது ஓடையில் இறங்கி ஏறியதும் வழுக்குப்பாறை வந்தது. கட்டிலைக் கீழே வைத்து மூச்சு வாங்கினோம். பின்னால் ஜீப் வந்தது. நாங்கள் ஒதுங்கினோம். சின்னண்ணன் நேராகப் பார்த்தபடி ஓட்டினார். அவ்வளவு பாரத்தோடும் இரண்டாவது கியரில், ஒரு இடத்திலும் தயங்காமல், பாறை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. கொஞ்ச தூரம் போய் இன்ஜின் சத்தம் நின்றது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து திரும்பி வந்தார். கட்டிலை மறுபடி தூக்கும்போது என் பக்கத்துக் கட்டில் காலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

அக்கா கட்டிலில் படுத்தபடியே அவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏஞ் சாமி, வண்டி நல்லாத்தான இழுக்குது?" என்றார்.

"ஆமாங்க்கா. நல்லா இழுக்குதுங்க" என்றேன்.