பஸ்ஸில் வந்த ரத்தம்

குன்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மஞ்சூரில் எடுக்கும் ரத்தத்தைக் குழாயில் அடைத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவரின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. வழியில் குளிரில் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டு, வேறு அனுப்பச் சொன்னேன். அடுத்த வாரம் வந்ததும் அப்படியே இருந்தது. எரிச்சலோடு அதையும் கொட்டினேன்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணே வந்து நின்றார். கண்கள் மஞ்சளாக இருந்தன.

"ஏனுங்க, பஸ்ல வந்த ரத்தம் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களாமா. அதான் நானே வந்துட்டனுங்க."

அங்கேயே எடுத்துப் பார்த்தேன். அதே கொத்துகள். டாக்டரிடம் சொல்லி, அன்றே அவரைக் கோவை மருத்துவமனைக்கு அனுப்ப வைத்தேன்.

அவருடைய நோய் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலையும் ரத்த அணுக்களையும் தாக்குகிறது என்று கோவையில் கண்டுபிடித்தார்கள். இப்போது மருந்து சாப்பிடுகிறார். மாதாமாதம் பரிசோதனைக்கு அவரே பஸ் ஏறி வருகிறார்.

"பஸ்ல கொடுத்து விட்டாப் போதுமுங்க, எதுக்கு அலையறீங்க?" என்றேன்.

"வேண்டாமுங்க. மறுபடி கெட்டுப்போச்சுன்னா?"

அந்த ரத்தம் கெட்டிருக்கவே இல்லை, இரண்டு வாரத்தை வீணாக்கியது நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் சொல்லத்தான் நினைக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையை நீட்டிவிடுகிறார்.