காருக்கு அடியில் ஒரு தென்னங்குற்றி

போன வருடம், மாரி தொடங்கக் கொஞ்சம் முன்பு, வாவிக்கரையை ஒட்டிய எங்கள் வீட்டு வளவில் நடந்தது இது. பாசிக்குடா ஹோட்டல்களுக்கு ஆட்களை ஏற்றியிறக்கும் என் கார், திரும்பும்போதெல்லாம் 'டக் டக்' என்று சத்தம் போட்டது. முன்சக்கரங்களைச் சுழற்றும் அக்ஸில் இரண்டுமே தேய்ந்துவிட்டன.

கராஜில் விட எனக்கு மனமில்லை. நான் பிறவிச் சந்தேகக்காரன். மீன்காரர் செவுளைத் திறந்து காட்டினாலும், காட்டாத மீனின் செவுளைத்தான் பார்ப்பேன். கராஜ்காரர் புதிய அக்ஸிலை எடுத்துக்கொண்டு பழையதையே கழுவிப் பூட்டிவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? போனில் வீடியோ பார்த்து நானே மாற்ற இறங்கினேன்.

இடது பக்கம் முடிந்துவிட்டது. வலது பக்கத்தை ஜாக்கில் உயர்த்திச் சக்கரத்தைக் கழற்றியபோது படலையைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். கதிரவெளிக்காரர். பக்கத்துத் தெருவில் தமக்கை வீட்டில் தங்கி வாவியில் மீன் பிடிப்பவர். வயது என் வயதுதான். முகம் தெரியும், பேசியதில்லை.

"அண்ணன், அந்தக் கழட்டின அக்ஸிலத் தாறீங்களா? தோணிக்கு நங்கூரமாப் போடலாம்."

நங்கூரமாம்! பழைய இரும்புக்குப் போடத்தான் கேட்கிறார் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். "பிறகு பாப்பம்" என்றேன். அவர் போகவில்லை. காருக்குக் கீழே குனிந்து குனிந்து பார்த்தார். புதிய அக்ஸில் பெட்டியோடு அங்கேதான் கிடந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், மனிதர் முழங்காலில் நின்று காருக்கு அடியிலிருந்து கையை எடுக்கிறார்.

"அங்க என்ன வேல உங்களுக்கு?"

"இல்லண்ணன், இது இளகின மணல்..."

"முதல்ல வெளிய போங்க."

கையைத் தட்டிக்கொண்டு போனார். அவர் படலையைத் தாண்டும் முன்பே ஸ்பானர்களை எண்ணத் தொடங்கிவிட்டேன். எல்லாம் இருந்தன. புதிய அக்ஸிலும் இருந்தது. ஆனால் வேலியோரம் கிடந்த தென்னங்குற்றி காருக்கு அடியில் கிடந்தது. எதையோ ஒளித்துவிட்டுத்தான் இதை மறைப்பாக வைத்திருக்கிறார் என்று, படுத்துக் கையைவிட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. குற்றியை இழுத்துப் பார்த்தேன், பாரம். கிடக்கட்டும் சனியன் என்று விட்டுவிட்டேன்.

பழைய அக்ஸில் கியர்பெட்டியை விட்டு வர மறுத்தது. அடியில் மல்லாந்து படுத்து, அலவாங்குக் கம்பியை வைத்துப் பலமாக நெம்பினேன். ஜாக் மணலுக்குள் புதைந்து சரிந்தது. கார் அப்படியே இறங்கியது.

'மடார்' என்று குற்றியில் மோதி நின்றது. என் நெஞ்சுக்கு மேலே நாலு விரல் இடைவெளிதான். எப்படி ஊர்ந்து வெளியே வந்தேன் என்று தெரியாது. சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் பழைய அக்ஸில் இரண்டையும் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். அவர் தோணியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"தோணிக்கு அடியில வேல செய்யிறதெண்டாலும் நாங்க குற்றி வைக்காம உள்ள பூரமாட்டம் அண்ணன். மணல நம்பேலாது" என்றார். அக்ஸிலை வாங்கி வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"ஸ்பானரெல்லாம் சரியா இருந்திச்சா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

சந்தேகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, பிறவிக் குணம் அல்லவா. ஆனால் யாரையாவது பார்த்து என் பொருட்களை எண்ணக் கை போகும்போதெல்லாம், என் உயிரைக் காப்பாற்றிய மனிதருக்கு முன்னால் நான் ஸ்பானர் எண்ணிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்து கை தானாக நின்றுவிடுகிறது.