வெப்பக்குழாயிலை கட்டின வெங்காயம்

எனக்கு வாய்க்கொழுப்புக் கூட. அது எனக்கே தெரியும், ஆரும் வந்து சொல்லத் தேவையில்லை. வாயை எண்டால் சனம் மன்னிச்சுப்போடும். தலைக்கனம் அப்பிடியில்லை. வெங்காயத்தைப் பற்றி என்னைவிட இந்த ஜேர்மனியிலை ஆருக்குத் தெரியும் எண்டு ஒரு தலைக்கனம் எனக்கு இருந்தது. அதை இண்டைக்கும் என்னாலை மன்னிக்க ஏலாமல் கிடக்கு.

ஐயா வெங்காய யாவாரி. பெத்த தேப்பனைத்தான் நாங்கள் ஐயா எண்டு கூப்பிடுறனாங்கள். யாழ்ப்பாணத்திலை வெங்காயம் கிண்டுற காலத்திலை விலை தரையிலை கிடக்கும். அப்ப ஐயா சைக்கிளிலை தோட்டம் தோட்டமாத் திரிஞ்சு வாங்குவார். வெங்காயத் தாள் வெட்டாமல் பிடிபிடியாக் கட்டி, கொட்டில் கூரை வளையிலை தொங்கவிடுவார். மாரி பிடிச்சு, சந்தையிலை வெங்காயத்தைக் காணேல்லை எண்டு சனம் அந்தரப்படேக்கைதான் அவிழ்ப்பார். அவரின்ரை வாயிலை எப்பவும் ஒரு சொல்லுத்தான்: "பொறு." எனக்குக் கலியாணம் பேசி வந்தவையையும் "கொஞ்சம் பொறுங்கோ" எண்டு மூண்டு மாசம் இழுத்தடிச்ச மனிசன். "இந்தாள் என்னையும் ஒருநாள் வளையிலை கட்டித் தூக்கிப்போட்டு விலை பாக்கும்" எண்டு அம்மா ஏசுவா. ஐயா அதுக்கும் சிரிப்பார்.

ஷோனெஃபெல்ட் எயார்போட்டிலை வந்து இறங்கி, அகதிக் காம்ப் காம்பா அலைஞ்சு, கடைசியா எசன் நகரத்திலை வந்து குந்தின நாங்கள் பதின்நாலு வருசம் ஊர்ப் பக்கம் தலைவைக்கேல்லை. அம்மா செத்ததுக்கும் போகேலாமல் போச்சு. மார்க் காசு போய் ஒய்ரோக் காசு வந்த அந்த வருசம்தான் எல்லாம் ஒண்டாக் கூடி வந்தது. ஊரிலை சண்டை நிண்டு பாதை திறந்தாங்கள். எங்களுக்கும் டொச் பாஸ்போட், ஜேர்மன் பாஸ்போட்தான், கையிலை வந்தது. அதே நேரம் தங்கச்சி போனிலை ஒரு கதை சொன்னாள். அவள்தான் ஐயாவோடை இருந்து அவரைப் பாக்கிறவள். ஐயாவுக்கு நெஞ்சு பலவீனமாம், கால் வீங்குதாம், டொக்டர் முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லையாம்.

என்ரை மனிசன் பாண் பேக்கரியிலை வேலை. சத்தம் போடத் தெரியாத ஆள். "ஒரு ரிக்கற்றுக்குக் காசு இருக்கு. நீர் ஐப்பசியிலை போட்டு வாரும். பிள்ளையளை நான் பாக்கிறன்" எண்டார். போயிருக்க வேணும். ஐயோ, அண்டைக்கு வாயைப் பொத்திக்கொண்டு நான் போயிருக்க வேணும். "நான் தனியப் போய் என்ன செய்யிறது? ஐயா பேரப்பிள்ளையளைப் படத்திலைதான் கண்டவர். போறதெண்டால் நாலு பேரும் போவம், ஈஸ்டர் லீவிலை" எண்டன். நாலு ரிக்கற்றுக்கு எங்கை போறது எண்டு கேட்டார். அதுக்கு என்னட்டை வழி இருக்கு எண்டன்.

வழி இதுதான். சனிக்கிழமையளிலை நான் எசனுக்கு வெளியிலை தோட்டம் செய்யிற ஒரு வெள்ளைக்காரக் கமக்காரரிட்டை வெங்காயம் தெரியப் போறனான். பெரிசு, சின்னன், பழுது எண்டு பிரிச்சுப் போடுற வேலை. அவர் ஓரமா ஒரு துண்டுக் காணியிலை சின்னச் சிவத்த வெங்காயமும் போட்டிருந்தார். எங்கடை ஊர் வெங்காயம் மாதிரியே இருக்கும், உரிச்சால் கண் எரியும். ஆவணியிலை அதைக் கிண்டேக்கை விலையைக் கேட்டன். கேட்டுப்போட்டுச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு. அதே வெங்காயம் மாசி பங்குனியிலை எங்கடை தமிழ்க் கடையளிலை என்ன விலை போகும் எண்டு எனக்குத் தெரியும். வாங்கி, கட்டி, பொறுத்திருந்து விக்க வேண்டியதுதான். நான் ஐயாவின்ரை மோள் எல்லோ.

ரிக்கற்றுக்கு வைச்சிருந்த காசு வெங்காயமாப் போச்சு. பன்ரண்டு அந்தர். அந்தர் எண்டால் ஐம்பது கிலோ, நீங்களே பாருங்கோ. "தாளை வெட்டாமல் தாங்கோ" எண்டு கேட்டன். கமக்காரர் ஒருமாதிரிப் பாத்தார். "இதை எங்கை வைக்கப்போறாய்?" எண்டார். எங்கடை கட்டிடத்துக்குக் கீழை வீட்டுக்கு ஒண்டு எண்டு நிலவறை இருக்கு, கெல்லர் எண்டு சொல்லுறது. அதுக்குள்ளை எண்டன். "கெல்லர் சூடோ?" எண்டார். நல்ல சூடு எண்டு பெருமையாச் சொன்னன்.

அவர் தலையை ஆட்டினார். "வெங்காயம் குளிரிலைதான் நித்திரை கொள்ளும். சூடு பட்டால் முழிச்சிடும். என்ரை களஞ்சியத்திலை வை, காசு வேண்டாம். பங்குனியிலை வந்து எடுத்துக்கொண்டு போ."

எனக்குச் சந்தேகம். காசு வேண்டாம் எண்டால் இதுக்குள்ளை என்னவோ இருக்கு எண்டு நினைச்சன். காருக்குள்ளை ஏறினோடனை, கூட வந்த மனிசனிட்டைத் தொடங்கினன். "கேட்டியளே கதையை? வெங்காயத்தைக் குளிரிலை வைக்கிறதாம்! கோதாரி, ஈரத்துக்குள்ளை கிடந்து ஊறட்டாம்!"

"அந்தாளும் வெங்காயம் செய்யிற ஆள்தானேயப்பா. பாதியை எண்டாலும் அங்கை விடுவம்" எண்டார் மனிசன்.

"எனக்கு நீங்கள் வெங்காயம் படிப்பிக்கிறியளோ? பாண் சுடுற ஆள் பாணைப் பாருங்கோ."

மனிசன் றேடியோவைப் போட்டுக்கொண்டு கார் ஓடினார்.

எங்கடை கெல்லர் முகட்டிலை ஹைற்சுங் குழாய் ஓடுது, வீடுகளுக்குச் சுடுதண்ணி கொண்டுபோற குழாய். அதைக் கண்டோடனை எனக்கு எங்கடை குசினி வளைதான் ஞாபகம் வந்தது. ஊரிலை அடுப்புக்கு நேர் மேலை கட்டுற பிடிதான் கடைசிவரை பழுதாகாது. அந்த இடத்தை ஐயா விதை வெங்காயத்துக்கெண்டே வைச்சிருப்பார். நான் மூண்டு நாள் கெல்லருக்குள்ளை ஏணி வைச்சு ஏறி, அந்தக் குழாய் நீளத்துக்கும் பிடிபிடியாக் கட்டித் தொங்கவிட்டன். கழுத்து உளைஞ்சது. கீழை இறங்கி நிண்டு அண்ணாந்து பாக்க, உண்மையாச் சொல்லுறன், எனக்குக் கண் கலங்கிப்போச்சு. எங்கடை கொட்டில் அப்பிடியே எசனுக்கு வந்தமாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையளிலை தங்கச்சி ஐயாவை ஓட்டோவிலை ஏத்திச் சந்தியிலை இருந்த ரெலிபோன் கடைக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். நான் இங்கை போன் காட் வாங்கிக் கோல் எடுப்பன். அதுவரைக்கும் எங்கடை கதை "சாப்பிட்டியே", "அங்கை குளிரே" எண்டதோடை முடிஞ்சிடும். பதின்நாலு வருசத்திலை தேப்பனுக்கும் மோளுக்கும் கதைக்க ஒண்டுமில்லாமல் போயிருந்தது. வெங்காயம் வாங்கின கதையைச் சொன்ன அண்டைக்கு ஐயா போனுக்குள்ளாலை வெளியிலை வராத குறை. என்ன நிறம், தோல் எத்தினை, எத்தினை நாள் வெயிலிலை போட்டது, எல்லாம் கேட்டார். "எங்கை கட்டினனீ?" எண்டார். சுடுதண்ணிக் குழாயிலை எண்டன்.

"அச்சா! அடுப்பு வளை மாதிரி. என்ரை மோள் எல்லோ!"

கடைக்குள்ளை நிண்ட சனத்துக்கும் அவர் அதைத் திருப்பிச் சொன்னது எனக்குக் கேட்டது. "மோள் அங்கை வெள்ளைக்காரனுக்கு வெங்காயம் கட்டிக் காட்டுறாள்." அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கதைதான். கிழமை முழுக்க அந்தப் பத்து நிமிசத்தை நினைச்சுக்கொண்டுதான் நான் திரிஞ்சனான்.

மார்கழியிலை எங்கடை பக்கத்துத் தமிழ்க் கடைக்கார அண்ணை கெல்லரை வந்து பாத்தார். ஒரு பிடியைக் கையிலை தூக்கி மணந்து பாத்துப்போட்டு, "அக்கா, முழுக்க எடுக்கிறன்" எண்டார். அவர் சொன்ன விலைக்கு ரண்டு ரிக்கற் தாராளமா வரும். தங்கச்சி அந்தக் கிழமைதான் ஐயாவுக்குத் தெரியாமல் போன் எடுத்து, "அக்கா, ஐயாவுக்கு மூச்சு வாங்குது. கெதியா வரப் பாருங்கோ" எண்டு சொல்லியிருந்தாள். "குடுத்துப்போட்டு நீரும் ஒரு பிள்ளையும் எண்டாலும் போங்கோ" எண்டார் மனிசன். எனக்கும் மனம் இளகித்தான் கிடந்தது. ஞாயிறு ஐயாவிட்டைக் கேட்டன்.

"உனக்கென்ன விசரே? மார்கழியிலை ஆரும் அவிழ்ப்பினமே? பொறு மோனை. மாசி கழியட்டும்."

"எனக்கு உங்களைப் பாக்கோணும் ஐயா."

"நான் எங்கை போகப்போறன்? நீ விலையைப் பார்."

ஒரு சொல்லுக்கும் மற்றச் சொல்லுக்கும் இடையிலை அவர் மூச்சு எடுக்கிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டும் நான் சிரிச்சன். எங்கடை ஐயா பழைய ஐயாவாக் கதைக்கிறார் எண்ட சந்தோசம். அடுத்தநாள் கடைக்கார அண்ணைக்கு இப்ப விக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன். பிறகு நத்தார், வருசப் பிறப்பு எண்டு பேக்கரியிலை மனிசனுக்கு ரண்டு மடங்கு வேலை, எனக்குப் பிள்ளையளோடை காய்ச்சல். மூண்டு கிழமை நான் கெல்லர்ப் பக்கம் போகேல்லை.

தை மாசத்திலை ஒருநாள் மேல்வீட்டு டொச் கிழவி படியிலை மறிச்சு, "உங்கடை கெல்லர் மணக்குது" எண்டா. வெங்காயம் எண்டால் மணக்கும்தானே எண்டு புறுபுறுத்துக்கொண்டு இறங்கிப் போனன். கதவைத் திறந்தோடனை தெரிஞ்சுபோச்சு. அது வேறை மணம். லைற்றைப் போட்டன். பிடிபிடியா வெளிறின மஞ்சள் முளை. ஒவ்வொண்டும் விரல் நீளம். கையை வைச்சால் உள்ளுக்குச் சளி மாதிரி, விரல் புதைஞ்சு போகுது. ஊர்ச் சூடு வேறை, இந்தக் குழாயின்ரை சூடு வேறை. காயவைக்கப் போதாது, முழிக்கவைக்கப் போதும். கமக்காரர் சொன்னது சரி. டொச் விளங்காமல் இல்லை, எல்லாம் விளங்கினதுதான். நான் கேக்கேல்லை.

வேலையாலை வந்த மனிசன் உடுப்பும் மாத்தாமல் என்னோடை சேந்து பிடிபிடியா வெட்டி இறக்கினார். ரண்டு நாள் அள்ளினம். தேறினது ஒண்டரை அந்தர். ஒரு சொல்லு ஏசேல்லை அந்த மனிசன். ஏசியிருக்கலாம், செவிட்டிலை ஒண்டு தந்திருந்தாலும் நான் வாங்கியிருப்பன். கமக்காரரின்ரை களஞ்சியத்திலை வெங்காயம் கல்லு மாதிரிக் கிடக்கு எண்டு மனிசன் ஆருக்கோ போனிலை சொன்னது என்ரை காதிலை விழுந்தது. எனக்கு நேரை சொல்லேல்லை.

அந்த ஞாயிறு ஐயா முதல் கேட்டது, "வெங்காயம் என்னமாதிரி?"

"கல்லு மாதிரிக் கிடக்கு ஐயா."

வேறை என்ன சொல்லுறது? அவருக்கு இருந்ததே அந்தக் கதை ஒண்டுதான். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரேல்லை. அடுத்த ஞாயிறு விலை கொஞ்சம் ஏறிப்போட்டுது எண்டன். அதுக்கடுத்த ஞாயிறு இன்னும் ஏறினதாச் சொன்னன். "பாத்தியே? நான் சொன்னனான்!" எண்டு பிள்ளை மாதிரிச் சிரிச்சு, சிரிச்ச சிரிப்பிலை இருமல் பிடிச்சு, தங்கச்சி போனை வாங்கிப்போட்டாள். அதுதான் நான் கடைசியாக் கேட்ட சிரிப்பு. அதுக்குப் பிறகு அவரை ஓட்டோவிலை ஏத்தேலாமல் போச்சு.

மனிசன் ஓடித்திரிஞ்சு கைமாத்து வாங்கி எனக்கு மட்டும் ஒரு ரிக்கற் போட்டார், மாசி மாசத்திலை ஒரு வெள்ளிக்கிழமைக்கு. சூட்கேசுக்குள்ளை ஐயாவுக்குக் கம்பளிச் சால்வையும் சொக்கிலேற்றும் வைச்சன். தேறின வெங்காயத்திலை நல்லதாப் பாத்து ஒரு பிடியும் வைச்சன். புதன்கிழமை விடியப் போன் அடிச்சுது. தங்கச்சி.

"அக்கா, ஐயா எங்களை விட்டுப் போட்டார்."

ரண்டு பேரும் போனைப் பிடிச்சுக்கொண்டு குழறி அழுதம். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. மனிசன் எனக்குப் பக்கத்திலை வந்து தரையிலை இருந்தார். பிறகு தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். வெங்காயம் அழுகினது அவளுக்கும் தெரியாது, அவளுக்கும் நான் சொல்லேல்லை.

"போறதுக்கு முதல் தெளிவாக் கதைச்சவர் அக்கா. 'உன்ரை அக்கா வெங்காயத்தை வித்திட்டாளோ' எண்டு கேட்டவர். சந்தோசப்படட்டும் எண்டு, 'ஓம் ஐயா, முழுக்க வித்துப்போட்டுத்தான் ரிக்கற் எடுத்தவ, வெள்ளிக்கிழமை வாறா' எண்டு சொன்னன். 'என்ன விலைக்கு' எண்டார். எனக்கு அங்கத்தை விலை தெரியுமே? வாயிலை வந்ததைச் சொன்னன்."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, 'அவசரப்பட்டிட்டாள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்' எண்டவர். அதுக்குப் பிறகு கதைக்கேல்லை அக்கா."