வாயில் வராத பெயர்

என் கணவர் வீட்டு ஆண்களுக்குப் பெருமைப்பட ஒரே ஒரு சங்கதிதான் உண்டு. மூத்த மகன்களுக்கெல்லாம் ஒரே பெயர். கணவருக்கும் அதுதான், மாமனாருக்கும் அதுதான், அவருடைய தகப்பனுக்கும் அதுதான். அந்தப் பெயரை முதலில் சுமந்தவர் என்ன சாதித்தார் என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. வட்டை வெளியில் நல்ல வயல் வைத்திருந்தாராம். அந்தப் பெயரோடு அடுத்து வந்தவர் அதை விற்றுத் தின்றுவிட்டார். அந்தக் கதையை மட்டும் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு, குடி என்கிற வம்சமும் தாய்வழி. மாப்பிள்ளை உடுப்புப் பையோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். என் கணவரும் செட்டிபாளையத்திலிருந்து ஆரையம்பதிக்கு, என் தாய் கட்டித் தந்த வீட்டுக்கு, அப்படித்தான் வந்தார். கொடுக்க வேறொன்றும் இல்லாதவர்கள் ஒரு பெயரைப் பிடித்துத் தொங்குகிறார்கள். தொங்கிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன என்றுதான் இருந்தேன்.

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண் வாயால் சொல்லக் கூடாது. இந்த இரண்டு வழக்கத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் பெற்றவள் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. இத்தனை தலைமுறையில் ஒரு ஆம்பிளைக்கும் இது உறைக்கவில்லை. உறைக்க மூளை வேண்டும். என் மாமியார் மகனை இன்றுவரை "மூத்தவன்" என்றுதான் கூப்பிடுகிறார்.

மாமனார் இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிவார். கோயில் திருவிழாக் கூட்டத்தில் மகன் காணாமல் போனானாம். ஒலிபெருக்கிக்காரன் பிள்ளையின் பெயரைக் கேட்க, மாமியார் வாய் திறக்காமல் அழுதுகொண்டே நின்றாராம். இவர் ஆறுதலாக, அவசரமே இல்லாமல், கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வந்து பெயரைச் சொன்ன பிறகுதான் அறிவித்தார்களாம். "செத்தாலும் சொல்ல மாட்டா," என்று சிரிப்பார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் எனக்கு மகன் பிறந்தான். பிரசவத் துடக்குக் கழித்த அன்று மாமனார் பட்டு வேட்டியும் சால்வையுமாக, பிள்ளையின் காதில் பெயர் சொல்ல வந்து அமர்ந்தார்.

"பேருக்கு என்னத்துக்கு யோசின? இருக்கிற பேர்தானே," என்றார்.

கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயர்க்காரர்களின் வீரம் அவ்வளவுதான்.

"அந்தப் பேர் வேணாம் மாமா. என்ட புள்ளைய நான் பேர் சொல்லிக் கூப்பிடணும்," என்றேன்.

"சின்னவன் எண்டு கூப்பிடன். உன்ட மாமி அப்பிடித்தானே வளத்தவ? அவவுக்கு என்ன குறை வந்த?"

"அவவையே கேளுங்க."

மாமனார் சிரித்தார். பதில் என்னவென்று அவருக்கு அத்தனை நிச்சயம். "சொல்லு. உனக்கு என்ன குறை?"

மாமியார் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். அவர் புருஷனைப் பார்க்கவில்லை. அவர் "ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டால் என் பிள்ளையையும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் போய்விடும்.

"நாப்பது வருசமா என்ட புள்ளைய ஒருக்காவும் பேர் சொல்லிக் கூப்பிடல்ல," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன பேர் வைக்கப்போறாய், சொல்லு புள்ள. நான் முதல்ல கூப்பிட்டுப் பாக்கிறன்."