எடை மட்டும் பார்த்து வாங்கிய கேமரா

மயிலாப்பூர்வாசியான நான் ஞாயிறு காலைகளில் அடையாறு முகத்துவாரத்தில் பறவைகளைப் படம் எடுப்பேன். மணிக்கட்டு வலி வந்த பிறகு, கனமான பழைய கேமராவைத் தூக்க முடியவில்லை. தி.நகரில் கடை கடையாக ஏறி, கைக்கு லேசாக இருந்த ஒரு டிஎஸ்எல்ஆரை வாங்கினேன். விற்பனையாளர் என்னென்னவோ விளக்கினார். நான் கேட்டதெல்லாம் எடை மட்டும்தான்.

வீட்டில் லென்ஸைக் கழற்றி, "எவ்ளோ லேசு பாரு" என்று கேமராவை மனைவியிடம் நீட்டினேன். "ஸ்வாமிகிட்ட வெச்சுட்டு எடுத்துண்டு போங்கோ" என்றவள், கேமராவை அப்படியே மல்லாத்தி வைத்து, லென்ஸ் இல்லாத திறந்த வாயின் விளிம்பில் குங்குமமும் இட்டாள்.

மறுநாள் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் கொக்கின் மேல் கரும்புள்ளிகள். எடுத்த படங்களிலோ ஒரு புள்ளியும் இல்லை. அப்படியானால் கோளாறு என் கண்ணில்தான் என்று முடிவு செய்து, கலங்கிப்போய், கேமராவும் கையுமாகக் கண் மருத்துவரிடம் போனேன்.

அவர் பரிசோதித்துவிட்டு, கேமராவை வாங்கித் தன் கண்ணில் வைத்தார்.

"எனக்கும் புள்ளி தெரியுதே சார்."

ஈக்காட்டுத்தாங்கலில் பழுது பார்ப்பவர் லென்ஸைக் கழற்றிப் பார்த்தார். "இன்னா சார், உள்ள குங்குமம் கீது? நல்லவேளை, நீ பாக்குற கண்ணாடியோட நின்னுச்சு, படம் புடிக்கிற சென்சாருக்குப் போவல" என்று சுத்தம் செய்து கொடுத்தார்.

இப்போது வீட்டில் லென்ஸைக் கழற்றினால், கையோடு மூடி போட்டுவிடுகிறேன். புதுப் பொருள் வாங்கினால் பொட்டு இன்றும் உண்டு. அட்டைப்பெட்டிக்கு.