தொண்டைக்குள் ஒரு ரயில் கேட்

உக்குவளைக்குப் பக்கத்தில் ஒரு ரயில் கடவை. அங்கே ஒரு நாளில் ஓடும் ரயில்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம்; கேட் மூடியிருக்கையில் முன்னால் நின்று வைகிறவர்களைத்தான் எண்ணி முடியாது. இருபத்தாறு வருடம் அந்தக் கேட்டை ஏற்றி இறக்கியவர் ஜவாஹிர். கலியாணக் கார், அரசியல்வாதியின் ஜீப், அவசரமாகப் போகிற மச்சான்மார் எல்லாருக்கும் ஒரே சிவப்புக் கொடிதான். "ரயில் கண்ணுக்குத் தெரிஞ்ச பொறகு மூடுறதுக்கு நான் எதுக்கு?" என்பார். கொள்கையில் இப்படி உறுதியாக நின்றதால் அவருக்குக் கடைசிவரை பதவி உயர்வு கிடைக்கவில்லை.

ஓய்வு பெற்ற மறுவருடம் ஒரு காலை, வாயில் வைத்த இஞ்சிப் பிளேன்டீ வலது கடைவாயால் சட்டையில் வழிந்தது. பாரிசவாதம். வலது கை செத்தது போல் தொங்கியது, பேச்சு பாதியாகக் குழறியது. இரண்டும் மெல்ல மெல்ல ஓரளவு திரும்பின. விழுங்குவது மட்டும் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி கொடுக்க ஒரு மிஸ் இருந்தார். தக்ஷாயினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தன் தொண்டையில் விரல் வைத்துக் காட்டினார்.

"ஐயா, இதில ரண்டு பாதை கிடக்கு. ஒண்டு மூச்சுக்கு, மற்றது சாப்பாட்டுக்கு. விழுங்கேக்க மூச்சுப் பாதையை மூடுறதுக்கு ஒரு மூடி. உங்கட மூடி இப்ப நேரத்துக்கு மூடுதில்லை."

ஜவாஹிர் வெட்கத்தோடு ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார். "அப்ப... கேட்... காரன்... தூங்குறான்."

மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு அனுப்பினார்கள். மனைவி றாபியா சோற்றையும் பருப்பையும் அரைத்து வடித்து, ஊசி போடும் குழலால் அதில் இறக்குவாள். வயிறு நிறையும், வாய்க்கு ஒரு சேதியும் வராது.

மத்தியான வெயிலில் சாய்வு நாற்காலியில் கண் சொருகும்போது ஜவாஹிர் தன் கடவைக்குப் போய்விடுவார். இப்போது அது அவருடைய தொண்டைக்குள் இருந்தது. தண்டவாளம் ஈரமாக, இளஞ்சிவப்பாக மினுங்கியது. தூரத்தில் மூச்சு ரயில் வந்து போய்க்கொண்டே இருந்தது. கேட்டுக்கு முன்னால் வரிசை: இனிப்பு வட்டிலப்பம் பூப்போட்ட காரில் மணப்பெண்போல நாணி இருந்தது. பொரித்த கோழி திரீவீலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. நோன்புக் கஞ்சி பழைய லொறிபோல் ஆடி அசைந்து வந்து, சொன்ன இடத்தில் நின்றது. தண்ணீர்தான் மோசம். மோட்டார் சைக்கிள்காரனைப்போல் குனிந்து, கேட்டுக்கு அடியால் புகுந்து, ரயில் வருகிற பக்கமே ஓடியது.

விழித்ததும் நினைவில் நிற்பது கஞ்சிதான். நோன்புக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் நோன்பு திறக்கும் மஃரிபுப் பாங்கு சொல்லும்போது எல்லாரோடும் ஒரு கோப்பைக் கஞ்சி வாயால் குடிக்க வேண்டும். உலகத்தில் வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

இதற்கிடையில் நோய் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். நம் ஊரில் நோய் விசாரிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வைத்தியர்கள். மீதிப் பேர் வைத்தியருக்கே புத்தி சொன்னவர்கள். ஒருவர் தேன் என்றார், ஒருவர் கருஞ்சீரகம் என்றார். கூட்டாளி பஸ்லி மக்காவில் உம்ரா முடித்து நேரே வந்தான், கையில் ஒரு சின்னப் போத்தல். றாபியா அடுப்படியில் இருந்தாள்.

"மச்சான், ஸம்ஸம் தண்ணி. பிஸ்மி செல்லிட்டு ஒரே மடக்கு. இதால யாருக்கு என்ன கெடுதல் வரப் போவுது?"

இருபத்தாறு வருடம் யாருக்கும் திறக்காத ஜவாஹிர் வாயைத் திறந்தார். அவ்வளவு தாகம். அத்தோடு, ஸம்ஸமுக்கு எப்படிச் சிவப்புக் கொடி காட்டுவது?

இறங்கியது. ஒரு இருமல்கூட வரவில்லை. "பார்த்தியா?" என்று பஸ்லி கண் கலங்கினான். மூன்றாம் நாள் ஜவாஹிருக்குக் காய்ச்சல் கொதித்தது. நெஞ்சுக்குள் சளி கரகரத்தது. நுரையீரலில் கிருமி. பத்து நாள் ஆஸ்பத்திரி.

"இருமல் வராட்டி நல்லம் எண்டு நினைச்சுப்போட்டீங்கள்," என்றார் தக்ஷாயினி. "உள்ளுக்குப் போனது உடம்புக்கே தெரியேல்லை. அதுதான் பயம். புனிதத் தண்ணி எண்டது சரி ஐயா. ஆனா பாதை மாறினாத் தண்ணி தண்ணிதான்."

பஸ்லி கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜவாஹிர் அவனைக் குறை சொல்லவில்லை. கேட்டைத் திறந்தவன் நான்தானே என்று மட்டும் நினைத்தார்.

மிஸ் தவணை சொன்னார். நான்கு கிழமை பயிற்சி. நுனி நாக்கைப் பல்லிடுக்கில் மெல்லப் பிடித்தபடி வெறும் எச்சிலை விழுங்க வேண்டும். வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு சோதனை. அதில் தவறினால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாக ஒரு குழாய்.

ஜவாஹிர் கடமை நேரம் போல மூன்று வேளை பயிற்சி செய்தார். தேனும் கருஞ்சீரகமும் வந்தபோது இடது கையை நிமிர்த்தினார். வந்தவர்கள் நின்றார்கள், பழைய பழக்கம்.

சோதனை நாளன்று திரீவீல் ஓட்டியது பஸ்லி. தக்ஷாயினி ஒரு வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கலக்கினார். தண்ணீர் ஓட முடியாமல் சீனிப் பாணியாகத் தடித்தது. பஸ்லி சட்டைப் பையிலிருந்து தயங்கித் தயங்கி அந்தச் சின்னப் போத்தலை எடுத்தான்.

"மிஸ், கோவிக்க வாணாம்... இதையும் அந்த மாதிரிக் கலக்கேலுமா?"

மிஸ் சிரித்துவிட்டார். கலக்கினார். "நிமிர்ந்து இருங்கோ. தலையைக் குனிஞ்சு நாடியை நெஞ்சுப் பக்கம் பதியுங்கோ. ஒருக்கா விழுங்கி, திருப்பியும் விழுங்குங்கோ. இனி ஆ சொல்லுங்கோ."

"ஆ." கொஞ்சம் நடுக்கம், ஆனால் தண்ணீர் பாதை மாறியதைக் காட்டும் ஈரக் கரகரப்பு இல்லை.

கரண்டி கரண்டியாக நெடுநேரம் பார்த்த பிறகு, வயிற்றுத் துளை வேண்டாம் என்றார். அடுத்த கிழமை, வாயால் போதிய அளவு இறங்குகிறது என்று கண்டு, மூக்குக் குழாயையும் எடுத்தார்கள்.

அன்று பதினோராம் நோன்பு. பள்ளிவாசலிலிருந்து வாளியில் வந்த கஞ்சியை றாபியா இறைச்சித் துண்டு, சோற்றுப் பருக்கை ஒன்றும் இல்லாமல் அரைத்து வடித்து, கரண்டியில் நிற்கிற பதத்தில் வைத்தாள். பகல் முழுக்கக் கரண்டியால் தடித்த பால் விழுங்கிய மனிதர் பாங்குக்காக நோன்பாளிபோல் காத்திருந்தார்.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தை விழுங்கிவிட்டு பஸ்லி தன் கோப்பையைத் தூக்கினான். "குடி மச்சான், ஒரே..."

ஜவாஹிரின் இடது கை உயர்ந்தது. பஸ்லியின் கோப்பை உதட்டுக்கு ஒரு அங்குலம் இப்பால் நின்றது.

றாபியா கரண்டியை நீட்டினாள். அவர் நாடியைப் பதித்தார். எங்கோ ஈரத் தண்டவாளத்தின்மேல், மூச்சு ரயிலை நிறுத்தி, கேட் மெதுவாக, சரியான நேரத்துக்கு இறங்கியது. லொறி ஆடி அசைந்து தன் பாதையில் போனது. இன்னொரு முறை விழுங்கினார்.

"ஆ செல்லுங்க," என்றாள் றாபியா.

"ஆ."

"மச்சான், எனக்குக் கஞ்சி ஆறுது," என்றான் பஸ்லி.

ஜவாஹிர் அவசரப்படவில்லை. அடுத்த கரண்டியையும் பார்த்த பிறகுதான் கையை இறக்கினார்.